அண்ணன் மாரியின் இடது கன்னம்

முதல் சவரக்கத்தி கைக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற தவறு, இரண்டாவது கத்திக்கு ஆசைப்படுவது. நான் அதைச் செய்யவில்லை. கடைசிவரை ஒரே கத்திதான். இப்போது மேசைமேல் சாட்சியாக இருக்கிறதே, அதுதான். தயவுசெய்து அதை ஈரத்தோடு வைக்காதீர்கள். பழவேற்காட்டு உப்புக்காற்றில் இரண்டு நாளில் துரு ஏறிவிடும்.

என் பெயர் சிங்காரம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் குப்பத்துக்காரன். இந்தக் கோட்டையில் தண்ணீர் தூக்கினேன். நான் சொல்வதைத் துபாஷி கண்ணப்பன் ஐயா டச்சுக்காரர்களின் உலாந்தா பாஷையில் கப்பித்தான் துரைக்குச் சொல்லப்போகிறார். துரைக்குத் தமிழ் தெரியாது, துபாஷிக்குத் தைரியம் கிடையாது. நடுவில் சில சங்கதிகள் காணாமல் போகலாம். நான் எதையும் மறைக்கவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இறந்துபோனவன் என் அண்ணன் மாரி. என்னைவிட எட்டு வயது மூத்தவன். எங்கள் நைனாவை முகத்துவாரத்தில் அலை கொண்டுபோனபோது எனக்கு வயது ஆறு. அதிலிருந்து எனக்குச் சோறு போட்டது அவன் கைதான். அவன் பேசினால் எதிர்க்கரைக்குக் கேட்கும். பேசாமல் இருப்பது ஒன்றுதான் அவனுக்கு வராத வேலை. நான் வேறு மாதிரி. எனக்கு மீன்வாடை ஆகாது. குப்பத்தில் பிறந்தவன் இப்படிச் சொல்வது, பூசாரி வீட்டுப் பிள்ளை மணிச்சத்தம் ஆகாது என்று சொல்வதுபோல. படகில் ஏறினால் குடல் வாய்க்கு வரும். அண்ணன் அதற்காக என்னை அடித்ததில்லை. ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான், அவ்வளவுதான். அடித்திருந்தால் ஒரு நாளில் ஆறியிருக்கும். அதை நான் காரணமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னேன்.

ஐப்பசியில் படகைக் கரையேற்றும்போது பாய்மரம் முறிந்து அண்ணன் தலையில் விழுந்தது. உயிர் போகவில்லை. ஆனால் வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு நின்றது. குப்பம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அலைச்சத்தத்தைச் சரியாகக் கேட்டது என்று நினைக்கிறேன்.

திருவேங்கடம் வந்து பார்த்தார். குப்பத்துக்கு நாவிதரும் அவர்தான், வைத்தியரும் அவர்தான், இரண்டுக்கும் ஒரே பெட்டி. தலைக்குப் பச்சிலை வைத்துக் கட்டிவிட்டு, ஓலைத்துண்டில் கொஞ்சம் அபின் மடித்து என் அண்ணி செல்வம்மாளிடம் கொடுத்தார்.

"நோவு தாங்காம கத்துவான். அப்போ கடுகத்தன, தண்ணியில கரைச்சு ஊத்து. அஞ்சு நாளு. அதுக்கு மேல வேணாம்மா. பயகிப்பூட்டா ஆளு எயுந்திருக்க மாட்டான்."

"பொயைச்சுக்குவாரா?" என்று அண்ணி கேட்டாள்.

"மாட்டு மண்ட அவனுக்கு. தைக்குள்ள பேசுவான் பாரு. நீங்கதான் காத பொத்திக்கணும்."

அண்ணி விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போகிறவள். அதனால் மருந்து கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை.

அண்ணன் அடிபட்டதற்கு மூன்று நாள் முன்னால்தான் துரைக்குச் சவரம் செய்துகொண்டிருந்த ஆள் காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். துரைக்குக் காலை வேளையில் கை நடுங்கும். துபாஷி ஐயா, அதைக் குளிரால் என்று சொல்லிவிடுங்கள். தானே மழித்துக்கொண்டு துரை மூன்று நாள் வெளியே வந்தார். முகம் சண்டைக்கோழிபோல இருந்தது. நான்காம் நாள் முற்றத்தில் நின்ற எங்களைப் பார்த்து, யாருக்காவது சவரம் தெரியுமா என்று துபாஷி கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன்.

தெரியாது. ஆனால் துரையின் அறையிலிருந்து வருகிற சவுக்கார வாசனை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் அந்தக் கதவுக்கு வெளியே தண்ணீர்க் குடத்தோடு நின்று அதை முகர்ந்திருக்கிறேன். வெயில் இல்லாத அறை, மீன் இல்லாத காற்று, கையில் ஒரு சின்னக் கத்தி. ஒரு மனிதன் வாழ இதற்குமேல் என்ன வேண்டும்? துரை செத்தவனுடைய கத்தியையும் ஒரு துண்டுச் சவுக்காரத்தையும் கொடுத்தார். தன் முகத்துப் புண் ஆறட்டும், கிறிஸ்து பிறந்த பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து காட்டு என்றார். எனக்கு ஏழு வாரம் கிடைத்தது.

குப்பத்தில் இதை வெளியே சொல்ல முடியாது. கரையில் பிறந்தவன் கத்தி பிடித்துத் துரையின் மயிரை மழிக்கிறான் என்றால் ஊர்த்தலைவர் நாட்டார் கூட்டம் போட்டு ஒதுக்கிவைப்பார். திருவேங்கடம் தன் தொழிலில் இன்னொருவன் கை வைத்தான் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அண்ணனுக்கு வாய் இருந்திருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது எனக்குத் தெரியும். "என் தம்பி செரைக்கப் போறானாண்டா" என்று காட்டூர் வரைக்கும் கேட்கும்படி சொல்லியிருப்பான். அவனுக்கு வாய் இல்லாமல் போனது தெய்வச் செயல். அதில் எனக்குப் பங்கு இல்லை. பாய்மரம் தானாகத்தான் முறிந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அடக்கம் வேண்டும். முதல் நாளே முழு முகத்தையும் மழித்துப் பார்க்கிறவன் தொழிலைக் கற்பதில்லை, ரத்தத்தை நிறுத்தத்தான் கற்கிறான். நான் இளம் பூசணிக்காயில் தொடங்கினேன். அதன்மேல் சுணை இருக்கும், தோலும் மெல்லியது. நுரை பூசி, தோல் கீறாமல் சுணையை மட்டும் எடுக்க ஐந்து காய் ஆயிற்று. ஐந்தையும் அண்ணி குழம்பு வைத்தாள். சவுக்கார வாசனை அடிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து என் முகத்திலேயே முயன்றேன். இரண்டு இழுப்பில் விட்டுவிட்டேன். வலிக்கிறவனும் வெட்டுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் நியாயமாக நடந்துகொள்ள முடியாது. துரை இந்த விசாரணையை நடத்துவதும் நான் குற்றவாளியாக நிற்பதும் அந்த வகையில் நல்ல ஏற்பாடு.

பிறகுதான் அண்ணனைப் பார்த்தேன். கொல்லைப்புறத்தில் பூவரச மர நிழலில், பாயில், கண்ணை மூடிப் படுத்திருந்தான். அபின் கொடுத்து ஒரு நாழிகை ஆகியிருந்தது. அடிபடுவதற்கு முன்பே விட்டிருந்த மூன்று வாரத் தாடி. தினமும் இருக்கிற, நகராத, குறை சொல்லாத ஒரு முகத்தைத் தொடங்குகிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? எனக்கு வீட்டிலேயே இருந்தது.

முதல் நாள் இடது கன்னத்தில் இரண்டு விரல் அகலம் மட்டும். மறுநாளும் அதே இடம்தான். வெந்நீரில் துணியை நனைத்து முகத்தில் போட்டு, முடி இளகும்வரை காத்திருப்பேன். இடது கையால் தோலை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். கத்தியின் முதுகு கன்னத்தைவிட்டு ஒரு நெல்மணி அளவு தள்ளி நிற்க வேண்டும். படுத்தால் முடியைப் பிடுங்கும், நிமிர்ந்தால் தோலை எடுக்கும். அழுத்தக் கூடாது. கத்தியின் கனமே போதும். மயிர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே போக வேண்டும். எதிர்த்துப் போகிற ஆசை முதல் மாதத்தில் வரவே கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அண்ணனின் கன்னம்தான் சொன்னது.

திருவேங்கடம் சொன்ன ஐந்து நாள் முடிந்தது. ஆறாம் நாள் அபின் கொடுக்காமல் உட்கார்ந்தேன். கத்தி தாடைக்கு வந்தபோது அண்ணன் தலையைத் திருப்பினான். நகம் அளவு கீறல். ரத்தம் ஒரு பொட்டு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தான், சத்தம் மட்டும் வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. துரைக்கு அந்த நடுக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

அன்றைக்கு நான் யோசித்துப் பார்த்தேன். தாடைதான் கஷ்டமான இடம். அதைக் கற்காமல் துரையின் முன்னால் போனால் அவருடைய தாடையில் கற்க வேண்டியிருக்கும். அது மரியாதையாக இருக்காது. ஓலைத்துண்டில் மீதி இருந்தது. அது தீர்ந்ததும் கோட்டைத் தெருக் கடையில் கிடைத்தது.

ஊர் என்ன சொல்லிற்று என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நோயாளி அண்ணனுக்குத் தம்பி முகம் மழித்தால் அதைத் தொழில் என்று யாரும் சொல்வதில்லை. வலை காயப்போட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நாட்டார் ஒருநாள் வந்து அண்ணனின் கன்னத்தைத் தடவி, "கூடப் பொறந்தவன்னா இவன் மாதிரி இருக்கணும்" என்றார். அண்ணி என் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து யாரும் சிரிக்காத மாதம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதையும் நான் காரணமாகச் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால், அண்ணன் தேறிக்கொண்டு வந்தான். சவரத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. கார்த்திகை பிறந்ததும் வலது கை விரல் அசையத் தொடங்கியது. இழுத்திருந்த வாய் நேரானது. கன்னத்தில் சதை துடித்தது. கற்றுவைத்த முகமே மாறிக்கொண்டிருந்தது. கடுகு அளவு போதவில்லை. மிளகு அளவு ஆக்கினேன்.

ஒருநாள் அண்ணி சந்தைக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டாள்.

"தம்பி, விடிகாலைல என் வெரல இறுக்கிப் புடிச்சாரு. 'செ'ன்னு கூப்ட வந்தாரு. இப்ப இன்னா, ஈரத்துணியாட்டம் கெடக்குறாரு?"

"நோவு அப்டித்தான் அண்ணி. ஏறும், எறங்கும்."

"திருவேங்கடத்த கூப்டட்டுமா?"

"அவரு பொன்னேரி பக்கம் கல்யாணத்துக்குப் போயிருக்காரு. வந்ததும் நானே கூட்டியாறேன்."

அவர் எங்கேயும் போகவில்லை. அது ஒரு பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணி நிம்மதியாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று நல்ல விற்பனை என்று சொன்னாள்.

தாடை முடிந்தது. மோவாய் முடிந்தது. கழுத்தைப் பற்றி இங்கே எல்லோரும் கேட்கிறீர்கள். கழுத்தில் கத்தி இருந்தபோது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் வரவில்லை. குரல்வளையின் மேட்டைச் சுற்றி எப்படிப் போவது என்று மட்டும்தான் நினைத்தேன். அந்த ஏழு வாரத்தில் அண்ணனின் உடம்பில் விழுந்தது ஒரே ஒரு கீறல், அதுவும் அவனுடைய அவசரத்தால். கத்தி பிடித்த பாவத்துக்காக என்னைத் தண்டிப்பதாக இருந்தால் அது நியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று காலை அண்ணனின் முழு முகத்தையும் ஒரே அமர்வில் முடித்தேன். மேலுதடு உட்பட. கத்தியைத் துடைத்துத் தோல்வாரில் முப்பது தடவை தீட்டி மடித்துக்கொண்டு கோட்டைக்கு வந்தேன். துரைக்கு ஞாபகம் இருக்கும். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் முடித்ததும் கன்னத்தைத் தடவிப்பார்த்து ஒரு வார்த்தை சொன்னீர்கள். துபாஷி அதைப் பரவாயில்லை என்று மொழிபெயர்த்தார். உங்கள் முகத்தைப் பார்த்தால் அதைவிடப் பெரிய வார்த்தை மாதிரி இருந்தது. முடிந்தால் இப்போது அதை ஒருமுறை சரியாகக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

உச்சிக்கு வீடு திரும்பினேன். தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. அண்ணன் இறந்துகிடந்தான். அண்ணி சந்தையிலிருந்து வந்து பார்த்திருக்கிறாள், உடம்பு சில்லென்று இருந்ததாம். நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை. ஏழு வாரம் தினமும் தொட்ட முகம்.

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்கிறவன் நான்தான். திருவேங்கடம் பெட்டியோடு வந்தார். வழக்கப்படி பிணத்துக்கு முகம் மழிக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். மழிக்க அங்கே ஒன்றும் இல்லை.

"யாரு செஞ்சது?"

"சிங்காரந்தான்" என்று நாட்டார் பெருமையாகச் சொன்னார். "ஒருநா வுட்டதில்ல" என்றார்.

திருவேங்கடம் கன்னத்தைத் தடவினார். தொழில்காரன் இன்னொரு தொழில்காரனின் வேலையைத் தடவிப்பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு அண்ணனின் கண்ணிமையைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். வாய் அருகில் மூக்கைக் கொண்டுபோனார். என்னைக் கூப்பிட்டு ஏரிக்கரையில் உட்காரவைத்தார். கொள்ளி வைக்கிறவனுக்கு மொட்டை போட வேண்டும்.

தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். கத்தி உச்சியில் வைத்தது எனக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு இலேசு. நான் ஏழு வாரம் பட்டு அறிந்ததெல்லாம் அவர் மணிக்கட்டில் சும்மா இருந்தது. காதுக்குப் பின்னால் வரும்போது, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"நா குடுத்தது அஞ்சு நாளுக்கு. மிச்சம் எங்க வாங்கின?"

"கோட்டத் தெருவுல."

"எத்தினி நாளா?"

"ஏழு வாரம்."

கத்தி நிற்கவில்லை. அதே வேகம், அதே கனம்.

"கண்ணுப்பாவ கடுகாட்டம் சுருங்கிக் கீது. செல்வம்மாக்கு தெரியுமா?"

"தெரியாது."

ஏன் சொன்னாய் என்று துரை கேட்கிறார். தலையில் கத்தி இருந்ததால் பயந்துவிட்டாயா என்கிறார். பயம் இல்லை. அப்படிப்பட்ட கையின் கீழ் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்வது சரியாகப் படவில்லை. அதோடு, அவர் என் வேலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாதி மொட்டையில் விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. பிடரிவரை முடித்தார். ஒரு கீறல் இல்லை. கத்தியைக் கழுவித் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அதற்குப் பிறகுதான் நாட்டாரிடம் போனார். அவர் இடத்தில் நான் இருந்தால் முடித்திருப்பேனா என்று தெரியவில்லை. அதனால்தான் அவர் நாவிதர்.

நாட்டார் என் கையை வலைக்கயிற்றால் கட்டி இங்கே அனுப்பினார். கொள்ளியை வேறு யாரோ பங்காளி வைத்ததாகக் கேள்வி. மொட்டை மட்டும் எனக்கு மிச்சம்.

நேற்று செல்வம்மாள் அண்ணி என்னைப் பார்க்க வந்தாள். துரைதான் அனுமதி கொடுத்தீர்கள். கம்பிக்கு அந்தப்புறம் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைத்தான் பார்த்தாள். பிறகு ஒன்று மட்டும் கேட்டாள்.

"கூட இருந்தவன் நீ ஒருத்தந்தான். கடசியா எதுனா சொன்னாரா?"

"இல்ல அண்ணி. ஒண்ணும் சொல்லல."

"என் பேரு கூடவா?"

"இல்ல அண்ணி."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். கூடை எடுக்காமல் அவள் நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள்.

அவளிடம் சொன்னது உண்மையில்லை. எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று தொடங்கியதால் துரையிடம் அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மருந்துக் கிண்ணத்தை நான் வாயருகில் கொண்டுபோனபோது அண்ணன் பேசினான். அந்தப் பழைய குரல் இல்லை, மெதுவாகத்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக இருந்தது. முதலில் "செல்வம் எங்க" என்றான். சந்தைக்குப் போயிருக்கிறாள் என்றேன். பிறகு என் கையைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "கசக்குதுடா தம்பி. வேணாம்" என்றான்.

உச்சிக்கு அண்ணி வருவாள், அவளிடமும் பேசுவான். எனக்குத் துரையின் அறைக்குப் போக மூன்று நாழிகைதான் இருந்தது, மேலுதடு இன்னும் கைக்கு வரவில்லை. பேசுகிற வாயில் மேலுதடு படியாது. உள்ளே போய் இருந்த அபின் முழுவதையும் கரைத்தேன். எவ்வளவு என்று துரை கேட்டால், புளியங்கொட்டை அளவு. எழுந்திருக்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். திருவேங்கடம் சொன்னது என் காதிலும் விழுந்ததுதான். இப்போது இங்கே துபாஷி ஐயா உட்பட எல்லோரும் என்னைக் கூடப்பிறந்த பாசம் இல்லாதவன் என்கிறீர்கள். கசக்கிறது என்று அண்ணன் வாய்விட்டுச் சொன்ன பிறகு, கோட்டைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், அடுப்படியில் உட்கார்ந்து பனைவெல்லத்தை இடித்து அதில் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தவன் நான்தான்.